பள்ளிப் பருவக் கிட்டப்பார்வை: ஒரு வரலாறு

பத்து வயதில் முதன்முதலாக மூக்குக் கண்ணாடி அணிந்த சிறுவன், பதினொன்றாம் வயதில் அதனினும் வலுவான கண்ணாடியை நாடுகிறான். பன்னிரண்டில் மற்றொன்று, பதினான்கில் மீண்டும் ஒன்று. மீசை அரும்பும் வயதில் உடல் வளர்வதைப் போலவே கண்ணாடியின் எண்ணும் ஏறிக்கொண்டே போகிறது. இருபது வயதை அணுகும்போது அவ்வேற்றம் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. பள்ளியில் சேர்ந்தபின் தொடங்கி, பள்ளியை விட்டபின் ஓயும் இக்குறைக்குப் பள்ளிதான் காரணமா? அன்றிப் பெற்றோரிடமிருந்து குருதிவழி வருவதா? ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அறிஞர்கள் இருகட்சியாகப் பிரிந்து நடத்திய வழக்கு இது. தீர்ப்பு மாறி மாறி வந்தது. ஒவ்வொரு தவறான தீர்ப்புக்கும் விலை கொடுத்தவர்கள் வகுப்பறையில் அமர்ந்திருந்த பிள்ளைகளே. ஆதலின் இவ்வரலாற்றை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

குறை யாது?

கிட்டப்பார்வை என்பது கிட்டே உள்ளதைப் பார்க்க இயலாமை அன்று. கிட்டே உள்ளது நன்கு தெரியும். எட்ட உள்ளதே மங்கும். கையில் உள்ள புத்தகத்தைத் தடையின்றி வாசிக்கும் மாணவன் கரும்பலகையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவான். கிரேக்கர் இக்குறைக்கு இட்ட பெயரே கண்ணை இடுக்குதல் என்னும் பொருளுடையது. நாற்பது வயதுக்குமேல் கிட்டே உள்ள எழுத்து மங்குவதைத் தமிழர் வெள்ளெழுத்து என்றும் சாளேசுவரம் என்றும் அழைத்தனர். அது முதுமையின் குறை. இது இளமையின் குறை. இரண்டும் வேறு.

பிறந்த குழந்தையின் விழி முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமுள்ளது. வளர்ந்தவரின் விழி ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். இவ்வளர்ச்சி நிகழும்போது, உள்ளே புகும் ஒளி விழித்திரைமீது சரியாகக் குவியும்படி இயற்கை அளந்து அளந்து விழியை வளர்க்கிறது. அந்த அளவு தப்பி விழி மிகுதியாக நீண்டுவிட்டால், ஒளி விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடும். எட்ட உள்ள உருவம் கலங்கித் தோன்றும். ஒரு மில்லிமீட்டர் மிகுதியாக நீண்டாலே கண்ணாடியின் எண் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை ஏறும். ஆகவே பதின்ம வயதுப் பிள்ளையின் கண்ணாடி ஆண்டுதோறும் தடிக்கிறது என்றால், விழி ஆண்டுதோறும் நீள்கிறது என்பதே பொருள். நீண்ட விழி பின்னர்க் குறுகி இயல்புநிலைக்குத் திரும்புவதில்லை. எனவே தடுப்பதே தலையாய மருத்துவம்.

இளையோர்க்கு வந்த கண்ணாடி

மூக்குக் கண்ணாடி இத்தாலி நாட்டில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. முதலில் வந்தவை முதியோரின் வெள்ளெழுத்துக்கு உதவும் குவிவு வில்லைகளே. இளையோரின் கிட்டப்பார்வைக்கு உரிய குழிவு வில்லை வந்து சேர மேலும் நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. 1462ஆம் ஆண்டில் மிலான் நகரத்துக் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்போர்சா, புளோரன்சு நகரிலிருந்து மூன்று டசன் கண்ணாடிகளைத் தருவித்தான். அவற்றுள் ஒரு டசன் எட்டப் பார்ப்பதற்கானவை, இளையோருக்கு உரியவை என அவன் கடிதம் பிரித்துக் கூறுகிறது. குழிவு வில்லை ஏன் உதவுகிறது என்பதை வானியல் அறிஞர் கெப்ளர் 1604ஆம் ஆண்டில் விளக்கினார். உருவம் விழித்திரையில் விழுகிறது என்றும், கிட்டப்பார்வையுடையார்க்கு அது முன்னே குவிந்துவிடுகிறது என்றும் அவர் காட்டினார். மருந்து முன்னே வந்தது. அது வேலை செய்யும் முறை பின்னே விளங்கியது. குறை யாரைப் பற்றுகிறது, ஏன் வளர்கிறது என்னும் கேள்விகள் மட்டும் அப்படியே நின்றன.

கல்லூரியும் படைமுகாமும்

அக்கேள்வியை எண்களால் அணுகியவர்களுள் முன்னோடி, இங்கிலாந்து நாட்டுக் கண் மருத்துவர் ஜேம்ஸ் வேர். 1813ஆம் ஆண்டில் அரசக் கழகத்தின் வெளியீட்டில் அவர் கட்டுரை வந்தது. ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரியில் 127 பேர் இருந்தனர்; அவர்களுள் 32 பேர் எட்டப் பார்க்கக் கண்ணாடியின் துணையை நாடினர். செல்சியில் இருந்த படைவீரர் பிள்ளைகளின் பள்ளியிலோ 1,300 சிறுவர். விசாரித்தபோது மூவரே இடர்ப்பாடு உண்டு என்றனர். ஒரே நாடு, ஒரே இனம். நூலோடு வாழ்ந்தவர்க்குக் குறை மிகுதி. பயிற்சித் திடலில் வளர்ந்தவர்க்குக் குறை அருமை. வழக்கின் முதற்சான்று இவ்வாறு பதிவாயிற்று.

பிரெஸ்லாவ் மருத்துவர்

அரை நூற்றாண்டில் கண் மருத்துவம் வேகமாக வளர்ந்தது. கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அமைத்தார். இன்றும் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்டார். 1864இல் டச்சு அறிஞர் டாண்டர்ஸ் கிட்டப்பார்வையையும் தூரப்பார்வையையும் வெள்ளெழுத்தையும் ஐயமற வகைப்படுத்தினார். கருவியும் அளவும் கிடைத்துவிட்டன. பள்ளிக்குள் எடுத்துச் செல்ல ஒருவர் தேவைப்பட்டார்.

அவர்தாம் ஹெர்மன் கோன். பிரெஸ்லாவ் அன்று பிரஷ்ய நாட்டு நகரம். இன்று போலந்தில் விரோத்ஸ்வாவ் எனப்படுவது. அந்நகரிலும் சிற்றூர்களிலும் 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்து, 1867ஆம் ஆண்டில் கோன் தம் முடிவை வெளியிட்டார். கிட்டப்பார்வை உடையோர் சிற்றூர்ப் பள்ளிகளில் நூற்றுக்கு 1.4, நகரத் தொடக்கப் பள்ளிகளில் 6.7, நடுநிலைப் பள்ளிகளில் 10.3, தொழிற்கல்வி சார்ந்த உயர்பள்ளிகளில் 19.7, இலத்தீனும் கிரேக்கமும் பயிற்றும் உயர்பள்ளிகளில் 26.2. பல்கலைக்கழக மாணவருள் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபதின்மர். படிக்கட்டு ஏற ஏறக் குறையும் ஏறியது. ஒரே பள்ளிக்குள்ளும் கீழ்வகுப்பிலிருந்து மேல்வகுப்புக்குச் செல்லச் செல்ல, குறையுடையோர் தொகை மட்டுமன்றிக் குறையின் அளவும் மிகுந்தது. பதின்ம வயதில் கிட்டப்பார்வை வளர்கிறது என்பதை இத்துணைப் பெருந்தொகையில் எண்ணிக் காட்டிய முதல் ஆய்வு இது.

கோன் எண்ணிச் சொன்னதோடு நிற்கவில்லை. குனிந்து வாசிக்கச் செய்யும் மேசை, இருண்ட அறை, நுண்ணிய அச்சு ஆகியவற்றைக் குற்றவாளிகளாக நிறுத்தினார். வகுப்பறைத் தரையின் ஐந்தில் ஒரு பங்கேனும் சன்னல் கண்ணாடி வேண்டும் என்றார். பாடநூலின் சிறிய எழுத்தும் ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையலாகாது என்றார். பள்ளி மேசையும் பள்ளிச் சன்னலும் மருத்துவரின் கவனத்துக்கு உரியவை என்ற எண்ணம் வேரூன்றியதில் அவர் பங்கு பெரிது.

நூலா, குருதியா?

மேசைகள் திருந்தின, சன்னல்கள் அகன்றன. ஆயினும் கிட்டப்பார்வை மறையவில்லை. எதிர்க்கட்சி வலுத்தது. 1909இல் லண்டனில் ஏமி பாரிங்டனும் கணக்கியல் அறிஞர் கார்ல் பியர்சனும் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். பார்வைக் குறை பெரும்பாலும் பரம்பரையால் வருவது. வீடும் பள்ளியும் செய்யும் மாற்றம் மிகச் சிறிது என்பது அவர்கள் முடிவு. பெற்றோர்க்குக் குறை இருப்பின் பிள்ளைக்கும் இருக்கக் கண்டனர். ஒரு கருவில் பிறந்த இரட்டையரின் கண்கள் பெரிதும் ஒத்திருப்பதைப் பின்வந்தோர் கண்டனர். குருதியே காரணம் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியை ஆண்டது. விளைவு என்ன? தடுக்க வழி தேடுவதை மருத்துவ உலகம் ஏறக்குறையக் கைவிட்டது. கண்ணாடியை மாற்றிக் கொடுப்பதே மருத்துவம் ஆயிற்று.

மற்றொரு புறம், நூலைக் குற்றஞ்சாட்டிய கட்சியும் எல்லை மீறியது. 1908இல் லண்டன் கேம்பர்வெல் பகுதியில், மிகுந்த கிட்டப்பார்வையுடைய பிள்ளைகளுக்கெனத் தனி வகுப்பு திறக்கப்பட்டது. இத்தகைய பள்ளிகளின் முன்னோடியான கண் மருத்துவர் பிஷப் ஹார்மன், வாசிப்புக்கும் எழுத்துக்கும் அங்கு இடமில்லை என்பதையே நெறியாகக் கொண்டார். பிள்ளைகள் காதால் கேட்டுக் கற்றனர். சுவர்ப் பலகையில் பேரெழுத்தாக எழுதினர். 1913இல் அமெரிக்க நாட்டிலும் பாஸ்டன், கிளீவ்லாந்து நகரங்களில் இவ்வகை வகுப்புகள் எழுந்தன. பார்வை என்பது செலவழித்தால் தீர்ந்துபோகும் பணம் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. அவ்வெண்ணம் பிழையானது. கண்ணைக் காக்கப் போய்க் கல்வியை இழந்த பிள்ளைகளின் கதை இது.

கட்சி மாறிய சான்றுகள்

1969ஆம் ஆண்டில் பிரான்சிஸ் யங் என்னும் அமெரிக்க அறிஞரும் உடனாளரும், அலாஸ்காவின் வடகோடியான பாரோவில் வாழ்ந்த எஸ்கிமோக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். தனித்த சமூகங்களில் வளர்ந்த முதியோர் 131 பேரில் இருவர்க்கே கிட்டப்பார்வை. பள்ளி சென்ற அவர்தம் பிள்ளைகளிலும் பேரப் பிள்ளைகளிலும் பாதிக்கு மேற்பட்டோர்க்கு அக்குறை. பாட்டனும் பேரனும் ஒரே குருதி. ஒரு தலைமுறைக்குள் குருதி மாறிவிடுமா?

1993இல் இஸ்ரேல் நாட்டிலிருந்து மற்றொரு சான்று வந்தது. அங்கு 870 பதின்ம வயதினர் சோதிக்கப்பட்டனர். சமயநூலை நாள் முழுதும் ஓதும் வைதிகப் பள்ளிகளில் ஆண்பிள்ளைகளுள் நூற்றுக்கு 81.3 பேருக்குக் கிட்டப்பார்வை. அதே வைதிகச் சமூகத்துப் பெண்பிள்ளைகளிடம் 36.2. பொதுப் பள்ளி ஆண்பிள்ளைகளிடம் 27.4. ஒரே வீட்டு அண்ணனும் தங்கையும் வேறு வேறு பள்ளிக்குச் சென்றதே இவ்வேறுபாட்டை விளைத்தது எனலாம்.

ஆய்வுக்கூடமும் சாட்சி கூறியது. 1977இல் டார்ஸ்டன் வீசலும் எலியோ ராவியோலாவும், பிறந்த குரங்குக் குட்டியின் இமையைத் தைத்து மூடினால் அக்கண் நீண்டு கிட்டப்பார்வை அடைவதைக் கண்டனர். குழிவு வில்லை பொருத்திய கோழிக்குஞ்சின் விழி அவ்வில்லைக்கு ஏற்ப நீள்வதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. விழி கண்மூடித்தனமாக வளர்வதில்லை. காணும் காட்சியை அளவுகோலாகக் கொண்டே வளர்கிறது. பரம்பரையும் பொய்யன்று, பெற்றோர் இருவர்க்கும் குறை இருப்பின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகுதி. குருதி விதை எனின், வாழ்முறை அது முளைக்கும் நிலம்.

சிங்கப்பூரும் மலேசியாவும்

இவ்வழக்கில் உலகம் உற்று நோக்கிய சாட்சிகளுள் ஒன்று சிங்கப்பூர். தேசிய சேவைக்கு வரும் இளைஞர் அனைவரும் கண் சோதனைக்கு உட்படுவதால், ஒரு தலைமுறை முழுவதன் பார்வையும் பதிவேட்டில் உள்ளது. 15 முதல் 25 வயது வரையிலான ஆடவரிடையே கிட்டப்பார்வை, 1970களில் தொடங்கி 1991க்குள் 26.3 விழுக்காட்டிலிருந்து 43.3 விழுக்காடாக உயர்ந்தது. முறையான கல்வி பெறாதவர்களிடம் 15.4 விழுக்காடும், உயர்கல்வி பெற்றவர்களிடம் 65.1 விழுக்காடும் காணப்பட்டன. கோன் கண்ட படிக்கட்டே இங்கும்.

இது சீனர்க்கு மட்டும் உரிய குறை எனப் பலர் எண்ணினர். 1993இல் வெளியான 110,236 இளைஞரின் கணக்கில் சீனர் 48.5 விழுக்காடு, இந்தியர் 30.4, மலாய்க்காரர் 24.5. 1996, 1997ஆம் ஆண்டுகளில் வேறு முறையில் நுணுக்கமாக அளந்தபோது சீனர் 82.2, இந்தியர் 68.7, மலாய்க்காரர் 65.0 எனக் கண்டனர். இருமுறை அளவுகளையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. ஆயினும் இந்திய இளைஞர் மூவருள் இருவர்க்குக் கிட்டப்பார்வை என்ற செய்தி தெளிவானது. சிங்கப்பூர் இந்தியருள் தமிழரே பெரும்பாலோர். சோதனைக்கும் போட்டிக்கும் துணைப்பாட வகுப்புக்கும் பிள்ளைப் பருவத்தைக் கொடுத்த எந்த இனமும் இதற்குத் தப்பவில்லை.

மலேசியாவில் கோம்பாக் மாவட்டத்துப் பிள்ளைகள் 2003இல் சோதிக்கப்பட்டனர். ஏழு வயதில் 9.8 விழுக்காடாக இருந்த கிட்டப்பார்வை, பதினைந்து வயதில் 34.4 விழுக்காடாக இருந்தது. எட்டாண்டுப் பள்ளிப் பருவத்தில் மூன்று மடங்குக்கு மேல் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வெயிலின் சாட்சி

நூல்தான் குற்றவாளியா? 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு இவ்வழக்கையே திருப்பிவிட்டது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் ஆறு, ஏழு வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டனர். பெற்றோரின் குறை இரு நகரங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. சிட்னிப் பிள்ளைகள் வாரத்தில் வாசித்த நூல்களோ மிகுதி. எனினும் கிட்டப்பார்வை சிட்னியில் 3.3 விழுக்காடு, சிங்கப்பூரில் 29.1. வேறுபாடு எங்கே? சிட்னிப் பிள்ளைகள் வாரத்தில் 13.75 மணி நேரம் வெளியில் கழித்தனர். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3.05 மணி நேரம் மட்டுமே.

வெளியிடத்து ஒளியே காரணம் என்று அறிஞர் பலர் இன்று கருதுகின்றனர். நல்ல விளக்குள்ள அறையில் 500 லக்ஸ் ஒளி இருக்கும். பகலில் மரநிழலில்கூட அது பல மடங்கு மிகுதி. வெயிலிலோ இலட்சத்தை எட்டும். அத்தகைய ஒளி விழித்திரையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து, விழியின் நீட்சியைத் தணிக்கிறது என்று விலங்காய்வுகள் காட்டுகின்றன. 2015இல் வெளியான குவாங்சோ நகரத்து ஆய்வில், சில தொடக்கப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. மூன்றாண்டின் முடிவில் அப்பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினர்க்கும், ஏனைய பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினர்க்கும் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. சிறிய செலவில் பெரிய பயன் அன்றோ? 1904ஆம் ஆண்டில் வந்த ஜூலர் என்னும் ஆங்கிலக் கண் மருத்துவரின் கையேடு, காற்று மாற்றத்தையும் இயன்றால் கடற்பயணத்தையும் பரிந்துரைத்தது. காரணம் அறியாமலே கரம் விடையைத் தொட்டிருக்கிறது.

பதின்ம வயதினர்க்கு

வெளியொளி, குறை தோன்றுவதைத் தடுப்பதில் வல்லது. தோன்றிவிட்ட குறையின் வேகத்தைத் தணிப்பதில் அதன் பயன் அத்துணை உறுதியாகவில்லை. அமெரிக்க நாட்டில் பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வில், கிட்டப்பார்வை நிலைபெறும் சராசரி வயது 15.6 எனத் தெரிந்தது. பதினைந்து வயதில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும், பதினெட்டில் நால்வருள் மூவர்க்கும் அது நின்றுவிட்டது. எஞ்சியோர்க்கு அதன் பின்னும் வளர்ந்தது. ஏழு வயதில் தொடங்கியவர்க்கு வளரும் ஆண்டுகள் மிகுதி. ஆதலால் மிகுந்த கிட்டப்பார்வையில் முடிபவர் பெரும்பாலும் அவர்களே. அந்நிலை வெறும் தடித்த கண்ணாடியோடு முடிவதன்று. நடுவயதில் விழித்திரை பிரிதல், கண்ணழுத்த நோய், நடுப்பார்வை கெடுதல் ஆகிய இடர்கள் அவர்க்கு மிகுதி.

"கண்ணாடி போட்டால் எண் ஏறும், போடாவிட்டால் கண் தானே சரியாகும்" என்னும் நம்பிக்கை தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு. வலு குறைந்த கண்ணாடியைக் கேட்டு வாங்குவோரும் உளர். இதற்கு விடை மலேசியாவிலிருந்தே கிடைத்தது. 2002இல் வெளியான ஆய்வில், 9 முதல் 14 வயதுள்ள 94 பிள்ளைகளுள் ஒரு பாதியினர்க்கு முழு வலுவுள்ள கண்ணாடியும், மறு பாதியினர்க்கு வேண்டுமென்றே வலு குறைந்த கண்ணாடியும் தரப்பட்டன. ஈராண்டில் முழு வலு அணிந்தோர்க்கு 0.77 டயாப்டர் ஏறியது. வலு குறைத்து அணிந்தோர்க்கு 1.00 ஏறியது. குறைத்துக் கொடுத்த கண்ணாடி காக்கவில்லை, கெடுத்தது.

வேகத்தைத் தணிக்கும் வழிகளும் இப்போது உள்ளன. சிங்கப்பூரில் நடந்த இரு பெரும் ஆய்வுகள், அட்ரோபின் என்னும் சொட்டு மருந்து விழியின் நீட்சியைக் குறைப்பதை 2006இலும், மிகச் சிறிய அளவிலும் அது பயன் தருவதை 2012இலும் காட்டின. ஹாங்காங்கில் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குத் தனிவகை வில்லை தந்து நோக்கியதில், ஈராண்டு வளர்ச்சி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென 2020இல் அறிவித்தனர். எது யாருக்கு ஏற்றது என்பதைக் கண் மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் "வளர்ந்து தீரட்டும்" என்று கைகட்டி நிற்கும் காலம் முடிந்துவிட்டது.

ஆசிரியர் கையில் உள்ளது

இருநூறு ஆண்டு வழக்கில் இன்று நிற்கும் தீர்ப்பு இதுவே: குருதிக்கும் பங்கு உண்டு, இடைவிடாத அண்மைப் பார்வைக்கும் பங்கு உண்டு, வெளியொளியை இழந்த பிள்ளைப் பருவத்துக்கும் பெரும்பங்கு உண்டு. ஆகவே பிள்ளையின் கையிலிருந்து நூலைப் பிடுங்குவது மருத்துவம் ஆகாது. லண்டன் வகுப்புகள் செய்த தவற்றைத் தமிழாசிரியர் மீண்டும் செய்யத் தேவையில்லை. வாசிப்புக்கும் வாசிப்புக்கும் நடுவே கண்ணுக்கு ஓய்வும், பகலில் உடலுக்கு வெளியிடமும் கிடைத்தால் போதும்.

பலகையைப் பார்த்துக் கண்ணை இடுக்கும் பிள்ளையையும், பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதும் பிள்ளையையும் முதலில் காண்பவர் ஆசிரியரே. பல வேளைகளில் அப்பிள்ளை கவனமற்றவன் என்றும், காப்பியடிப்பவன் என்றும் பழிச்சொல் பெறுகிறான். பலகை தெரியவில்லை என்பதை அவனே அறிந்திருக்க மாட்டான். உலகம் எல்லார்க்கும் அவ்வாறே மங்கலாகத் தெரிகிறது என்று எண்ணியிருப்பான். அவனைக் கண்டு பெற்றோர்க்குச் சொல்லி அனுப்புதல் ஒரு கடமை. மற்றொன்று எளியது, ஆனால் பலர் மறப்பது. வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையை இடைவேளையில் வகுப்பறையிலேயே நிறுத்தி எழுத வைக்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அந்தப் பிள்ளைக்கு அந்நாளில் கிடைக்கவிருந்த பகலொளி அந்த இடைவேளை மட்டுமாக இருக்கலாம். தண்டனை வேறு ஏதேனும் தேடிக்கொள்ளலாம். திடலுக்குச் செல்லும் வழியை மட்டும் அடைக்கலாகாது.